முன்சக்கரங்களுக்கு மூன்று வேலை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டாள்.

நீ எழுதிய ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவே இல்லை. "செடான் பனிக்கு ஆகாது, விற்றுவிட்டு நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கு" என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. நான் பதினோரு குளிர்காலம் முன்சக்கரம் இழுக்கிற சாதாரண செடானில்தான் ஓட்டியிருக்கிறேன். நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி கிளம்புவது சுலபம், அவ்வளவுதான். பிரேக் போட்டு நிற்கும்போது அந்த வண்டியும் உன்னுடையதைப் போல டயர் பிடிப்பைத்தான் நம்பி நிற்கிறது. அதனால் வண்டியை மாற்றாதே, டயரை மாற்று. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே விறைக்கத் தொடங்கும். குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் இளகி இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிச்செதில் (ஸ்னோஃப்ளேக்) படமும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. நான்கையும் மாற்று. இழுப்பது முன்சக்கரம்தானே, முன்னால் இரண்டு போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்காதே. முன்பக்கம் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கும், வளைவில் வண்டி அப்படியே சுழன்றுவிடும்.

என் முதல் குளிர்காலத்தில் நடந்ததை உனக்குச் சொன்னதே இல்லை. ஒரு திருப்பத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். வேகம் முப்பதுதான் இருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி நேராகவே போனது. பயத்தில் இன்னும் திருப்பினேன், பிரேக்கையும் மிதித்தேன். கொஞ்சமும் திரும்பாமல் போய் ஓரத்துப் பனிக்குவியலில் மோதி நின்றது. பம்பர் உடைந்ததோடு போயிற்று. அந்த இடத்தில் யாராவது நடந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு தூங்கவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன். நம் மாதிரி வண்டியில் இழுப்பது, திருப்புவது, பிரேக்கில் பெரும்பங்கு எல்லாமே முன் டயர்களின் தலையில்தான். பனியில் டயருக்குக் கிடைக்கிற பிடிப்போ ஒரு கைப்பிடி அளவு. அதைப் பிரேக்குக்கே செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடு. வளைவு வருவதற்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறை. பிரேக்கை விட்டுவிட்டுத் திருப்பு. சக்கரம் நேரானதும் மெதுவாக ஆக்ஸிலரேட்டரைத் தொடு. அப்படியும் வண்டி திரும்பாமல் போனால் காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கு. மனசு கேட்காது, ஆனால் வேகம் குறையக் குறைய டயர் மறுபடி தரையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது திருப்பினால் திரும்பும்.

பின்பக்கம் வழுக்கினால் கதை வேறு. வண்டியின் மூக்கு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார், அந்தப் பக்கமே திருப்பு. பிரேக்கைத் தொடாதே. மிக லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் முன்சக்கரம் இழுத்து வண்டியை நேராக்கும், இது நம் வண்டிக்கு உள்ள வசதி. சட்டென்று ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிடாதே, அது பின்சக்கரங்களைத்தான் பூட்டும்.

இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. மகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான பார்க்கிங்குக்கு அழைத்துப் போய் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தச் சொன்னேன். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். வேலை செய்யத் தொடங்கியதும் பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டாள். எடுக்கக் கூடாது, அழுத்தியே வைத்திருக்க வேண்டும் என்பது நாலாவது தடவைதான் அவளுக்குப் பழகியது. நீயும் முதல் பனி விழுந்ததும் இதைச் செய்.

அப்புறம், முன்னால் போகிற வண்டிக்கும் உனக்கும் எட்டுப் பத்து விநாடி இடைவெளி இருக்கட்டும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கிற க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். கடுங்குளிரைவிட பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில்தான் அதிகம் பயப்பட வேண்டும், அப்போது பனிக்கட்டியின் மேல் ஈரம் படர்ந்து சோப்பு மாதிரி இருக்கும். பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்று போவதால் சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும். ஸ்டியரிங் திடீரென்று லேசானாலோ, டயர் சத்தம் அடங்கினாலோ பனிக்கட்டிமேல் போகிறாய் என்று அர்த்தம். மேட்டில் ஏறும்போது எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரம் லேசாகிவிடும், அதனால் நடுவில் நிறுத்தாமல் சீராக ஏறு.

பனியில் புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதே, சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் ஆழமாக இறங்கும். முன்சக்கரத்துக்கு முன்னால் பனியைச் சுரண்டி மணல் போடு. சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கிற டிராக்ஷன் கன்ட்ரோலை அணைத்துவிட்டு முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார். உதவிக்குக் காத்திருக்க வேண்டி வந்தால், சூட்டுக்காக எஞ்சினை ஓட்டுவதற்கு முன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று இறங்கிப் பார். இதை மட்டும் மறக்கவே மறக்காதே. அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும், அதற்கு வாசனையே கிடையாது. உட்கார்ந்திருக்கும்போதே ஆளைக் கொன்றுவிடும். ஒரு சின்ன மண்வாரி, போர்வை, டார்ச் டிக்கியில் இருக்கட்டும், டாங்க் பாதிக்குக் கீழே போக வேண்டாம்.

டயர் மாற்றியதும் எழுது. பார்க்கிங்கில் பழகியது எப்படி இருந்தது என்றும் சொல். அம்மா கண்கட்டு அவிழ்த்த பிறகு இந்தக் கடிதத்தை அவர்களிடமும் கொடு, நீ எப்படி ஓட்டப் போகிறாய் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்