ரன்வே ஓரம் ஒரு குளியல் தொட்டி

பெர்லின்,
மே 18

அன்புள்ள அம்மா,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாரா, இல்லை அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறாரா?

"அங்கே போயும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காதே" என்று போனில் சொன்னாயே, கிடக்கவில்லை. விமான நிலையத்தில் எனக்கு ஒரு தோட்டம் கிடைத்திருக்கிறது. தோட்டம் என்றால் ஒரு பழைய குளியல் தொட்டி. சிரிக்காதே.

டெம்பல்ஹோஃப் என்று ஊருக்கு நடுவிலேயே ஒரு விமான நிலையம். 1948-49இல் மேற்கு பெர்லினுக்கு வரும் பாதைகளைச் சோவியத் படை அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கிய இடம். 2008இல் மூடி, 2010இல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். ஓரமாக வீடுகள் கட்டலாம் என்று அரசு கிளம்ப, 2014இல் வாக்கெடுப்பு நடத்தி ஜனங்கள் கூடாது என்றுவிட்டார்கள். ரன்வேயில் இப்போது பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள்.

அதன் கிழக்கோரத்தில் அக்கம்பக்கத்தவர்கள் சேர்ந்து 2011இல் தொடங்கிய தோட்டம்தான் எங்களுடையது. தரையைத் தோண்டக் கூடாது. நாளைக்கே எடு என்றாலும் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அதனால் செடியெல்லாம் ஏதாவது ஒன்றுக்குள்தான் வளர்கிறது. தள்ளுவண்டியில் கீரை, மேசை இழுப்பறையில் ஸ்ட்ராபெரி, பிய்ந்த பூட்ஸில் ஏதோ ஒரு பூ. உடைந்த கதவையும் பலகைகளையும் சேர்த்து ஒருவர் சாய்வு பெஞ்சு செய்து போட்டிருக்கிறார். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். நம் ஊர்த் திண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்.

என் தொட்டியில் முதலில் போட்ட கொத்தமல்லி அழுகிவிட்டது. அடைப்பானைக் கழற்றாமலே மண்ணை நிரப்பியிருக்கிறேன்! பக்கத்துத் தொட்டிப் பாட்டி வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அடியில் சுள்ளி, அதன்மேல் இலைச்சருகு, அப்புறம் மட்கிய உரம், கடைசியில்தான் மண் என்று அவளே நிரப்பிக் கொடுத்தாள். அடியில் இருப்பது மட்க மட்க வேருக்குச் சூடு கிடைக்குமாம். ஆனால் வருஷத்துக்கு வருஷம் மண் உள்ளே இறங்கும், மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மே நடுவில் கடைசிப் பனி போகும்வரை தக்காளியை வெளியே வைக்கவும் விடவில்லை. நேற்றுதான் நட்டேன்.

அப்பா மண்டியிலிருந்து சரக்குப் பலகை கொண்டுவந்தால் முத்திரையைப் பார்க்கச் சொல். 'எச்.டி.' (HT) என்றால் சூடுகாட்டிப் பூச்சி நீக்கியது, பாத்தி கட்டலாம். 'எம்.பி.' (MB) என்றால் விஷப்புகை போட்டது. அடுப்பெரிக்கக்கூட வேண்டாம்.

அம்மா, அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, வாசலில் இருந்த உன் டால்டா டப்பாச் செடிகளையெல்லாம் கொல்லையில் கொண்டுபோய் ஒளித்து வைத்தேனே, நினைவிருக்கிறதா? அவர்கள் போன பிறகு ஒன்றும் பேசாமல் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பழைய இடத்தில் வைத்தாய். கனகாம்பரம் ஒன்று முறிந்திருந்தது.

விதை அனுப்பாதே, சான்றிதழ் இல்லாமல் இங்கே உள்ளே விடமாட்டார்கள். டப்பாக்களைப் போட்டோ எடுத்து அனுப்பு. பாட்டி பார்க்க வேண்டுமாம். துளசி வைத்திருக்கிறாயே, காது உடைந்த அந்தப் பித்தளை அண்டா, அதுவும் தெரிகிற மாதிரி எடு.

உன் அன்பு மகள்