சேகருக்கு: 50 கிலோமீட்டர் உயரக் காற்று

காட்பாடி

அன்புள்ள சேகர்,

கடிதமும் வரைபடங்களும் வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். கத்திரி தொடங்கும் முன்பே வேலூர் வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டது.

50 கி.மீ. உயரத்தில், திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பா ஏவுதளத்தில் காற்று ஆண்டுக்கு இரண்டு முறை பளிச்சென்று திசை மாறுகிறது, ஸ்ரீஹரிகோட்டாவில் கலங்கித் தெரிகிறது, ராக்கெட் தரவில் கோளாறா என்று கேட்டிருந்தாய். கோளாறே இல்லை. தும்பா 8.5 டிகிரி வடக்கு, ஸ்ரீஹரிகோட்டா 13.7. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக, ஆண்டுக்கு இருமுறை திசை மாறும் இந்த அரையாண்டு அலைவு மெலியும். கோடையில் கிழக்குக் காற்று, குளிர்காலத்தில் மேற்குக் காற்று என்ற ஓராண்டு அலைவு வலுக்கும். நம் வேலூருக்கு மேலேயும் இந்தக் கலவைதான்.

ஆகவே மாதச் சராசரியில் 12 மாத அலையையும் 6 மாத அலையையும் சேர்த்தே பொருத்து. ராக்கெட் ஏவாத மாதங்கள் இடையில் இருந்தால், ஒன்றை மட்டும் பொருத்தும்போது மற்றதன் மிச்சம் அதில் ஏறிவிடும். நடுக்கோட்டுக் காற்று சுமார் 28 மாதத்துக்கு ஒரு சுற்றாகத் திசை மாறும் ஈராண்டு அலைவை முதலிலேயே கழித்துவிடு.

60 கி.மீ.க்கு மேலுள்ள புள்ளிகளை அப்படியே நம்பாதே. அங்கே காற்று அடர்த்தி குறைவு, காற்றை அளக்க ராக்கெட் சிதறவிடும் செம்பு இழைகள் வேகமாக விழும். ரேடார் ஓர் அளவு எடுப்பதற்குள் உயரம் மாறிவிடும். கீழே வர வர இழைக்கூட்டம் விரிந்து, அதன் மையம் பிடிபடாது.

80 கி.மீ. பக்கம் அரையாண்டு அலைவு 50 கி.மீ.க்கு ஏறக்குறைய நேரெதிர். அதற்குத் திருநெல்வேலி ரேடார் தரவை எடு, ஆனால் 24 மணி நேரமும் சேர்த்துச் சராசரி போடு. இல்லாவிட்டால் வளிமண்டல ஓதம், அதாவது சூரிய வெப்பத்தால் நாள்தோறும் எழும் காற்றலை, கலந்துவிடும்.

எனக்கு இதில் பெரிய விஷயம் மேற்குக் காற்றுதான். கிழக்குக் காற்றுக்குக் காரணம் எளிது: டிசம்பரிலும் ஜூனிலும் கோடை அரைக்கோளத்துக் காற்று நடுக்கோட்டைத் தாண்டிக் குளிர் அரைக்கோளத்துக்குப் போகிறது, பூமி மிக வேகமாகச் சுழலும் இடத்துக்கு வரும்போது பின்தங்குகிறது. பூமியை முந்தி ஓடும் மேற்குக் காற்றோ வேறு எங்கிருந்தும் அங்கே வந்துசேர முடியாது. இடிமேகங்கள் கிளப்பும் கெல்வின் அலைகளும் (நடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கே நகரும் பெரிய காற்றலைகள்) சிறு ஈர்ப்பலைகளும் (மேலே தள்ளப்பட்ட காற்றைப் புவியீர்ப்பு கீழே இழுப்பதால் எழுபவை) மேலேறி, அடங்கும் இடத்தில் தம் உந்தத்தைக் கொடுத்தால்தான் அது உண்டாகும். அதனால்தான் சமஇரவு நாட்களை ஒட்டி அது மேலிருந்து படிப்படியாக இறங்குகிறது. கிழக்குக் காற்று பல உயரங்களில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகிறது. சிறு அலைகளைப் பிடிக்காத கணினி மாதிரிகளில் மேற்குக் காற்று சோர்ந்துபோவதும் இதனால்தான்.

இன்னொன்று. நடுக்கோட்டில் டிசம்பர், ஜனவரிக் கிழக்குக் காற்று ஜூலை, ஆகஸ்டை விட வலுவானது. காரணம், வட அரைக்கோளக் குளிர்காலத்துக் கோள் அலைகள் (பூமியைச் சுற்றிப் பரவும் மிகப் பெரிய காற்றலைகள்) பெரியவை. ஒரே வீச்சுள்ள 6 மாத அலையில் இந்த வேறுபாடு மறைந்துபோகும். இரண்டு அரையாண்டுகளையும் தனித்தனியே வரைந்து அனுப்பு.

அன்புடன்,
முருகன்