பைண்டிங் அறைக்குக் கை கொடுத்தவர்களுக்கு

கைத்தொழில் ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், அந்த வகுப்புக்குத் தாளும் நூலும் நேரமும் தந்த எல்லோருக்கும் வணக்கம்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் நடந்த மாநாடும், அதைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் கூடிய குழுவும் கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் வைத்தன. அந்த ஆதாரக் கல்வியின் தொடர்ச்சியாக நம் பள்ளியின் ஓட்டுக் கட்டடத்துக் கடைசி அறையில் பைண்டிங் நடந்தது. அங்கே கற்றவை இன்றும் அப்படியே பலிக்கின்றன. அதனால் யாரிடமிருந்து எது வந்தது என்று சொல்லியே நன்றி கூற விரும்புகிறோம்.

ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. ஊசியைத் தருவதற்கு முன் தாளின் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னீர்கள். ஒரே அளவில் இரண்டு துண்டு, ஒன்று நீளவாக்கில், மற்றது அகலவாக்கில் வெட்டி, ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்தால் ஒன்று நிமிர்ந்து நிற்கும், ஒன்று தொங்கும். நிமிர்ந்து நிற்பதில் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அந்த ஓட்டம் புத்தக முதுகுக்கு இணையாக வர வேண்டும். குறுக்கே வந்தால் ஈரம் பட்டதும் தாள் முதுகோரம் அலை அலையாகச் சுருங்கும். புத்தகம் விரித்த இடத்தில் நிற்காமல் மூடிக்கொள்ளும். அட்டைக்கும் இதே விதிதான். பைண்டிங்கில் பாதிக் கோளாறு இந்த ஒன்றைப் பார்க்காததால் வருகிறது என்பது எங்கள் எண்ணம்.

தாள் தந்தது கடைத்தெரு அச்சகம். ஆறு தாளை ஒன்றாக மடித்தால் ஒரு ஃபாரம், 24 பக்கம். எட்டு ஃபாரம் சேர்ந்தால் 192 பக்க நோட்டு. ஓரம் வெட்ட அவர்களுடைய இயந்திரத்தையும் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம்.

தையலைக் கற்றுத் தந்தவர் அந்த அச்சகத்தின் மூத்த பைண்டர். இரண்டு முனையிலும் ஒன்றரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி ஒவ்வொரு துளை, நடுவே, முதுகின் குறுக்கே வைத்துத் தைக்கும் இரண்டு துணி நாடாக்களின் இருபுறமும் நான்கு துளை, ஆக ஆறு. நூலில் தேன்மெழுகு தடவ வேண்டும். இல்லையென்றால் முறுக்குப் பிரிந்து துளையில் சிக்கும். இறுக்கும்போது நூலை முதுகின் நீளவாக்கிலேயே இழுக்க வேண்டும். நம்மை நோக்கி இழுத்தால் மடிப்பு கிழிந்து, அந்த ஃபாரத்தின் உள்தாள் கையோடு வந்துவிடும். மூன்றாம் ஃபாரத்திலிருந்து, வரிசை முடியும் முனையில் ஊசியைக் கீழே உள்ள இரண்டு ஃபாரங்களுக்கு நடுவே நுழைத்து, வளையத்துக்குள் எடுத்து முடிச்சிட வேண்டும். நூல் தடித்தால் எட்டு ஃபாரத்துக்கே முதுகு ஊதிப்போகும். மிக மெலிந்தால் தாளை அறுக்கும். இதைச் சொல்லித் தர அவர் தம் மதிய உணவு வேளையைக் கொடுத்தார்.

பசை காய்ச்சிய அலுவலக உதவியாளர் அம்மாவை மறக்க முடியாது. நூறு கிராம் மைதாவை 150 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, 450 மில்லி கொதிநீரை ஊற்றிக் கிளறி, சிறு தீயில் வைத்து, வெண்மை மாறிக் கண்ணாடி போல வரும்போது இறக்குவார். மாவு வேகாத பசை காய்ந்ததும் பொடியாக உதிரும். கரப்பானும் பூச்சியும் அண்டாதிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) வெந்நீரில் கரைத்துச் சேர்ப்பார். அதற்காகவே மண்சட்டி வைத்திருந்தார், ஏனெனில் மயில்துத்தம் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். அது விஷம் என்பதால் எல்லோரும் கை கழுவும் வரை வாசலை விட்டு நகர மாட்டார்.

புத்தக முதுகில் பூசுவது வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை. முதல் நாள் இரவே ஊறப்போட்டு, மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் கொதித்தால் ஒட்டும் பலம் போய்விடும். அந்த முறையைச் சொன்னவர் தெற்குத் தெரு தச்சர். புத்தகத்தை அழுத்தி வைக்கும் பள்ளியின் திருகு பிரஸ்ஸைப் பழுது பார்த்ததும் அவரே.

அட்டையைத் தாளைவிட மூன்று பக்கமும் மூன்று மில்லிமீட்டர் நீட்டி வெட்டுவது, முதுகோரம் ஏழு மில்லிமீட்டர் இடைவெளி விடுவது, அட்டையைப் போர்த்தும் காலிகோ துணியை ஒன்றரை சென்டிமீட்டர் உள்மடிப்பது எல்லாம் அளவுகோல் வேலை. மூலைதான் கண் பார்த்துச் செய்வது. துணியைச் சாய்வாக வெட்டும்போது அட்டை முனையிலிருந்து, அட்டையின் கனத்தைப் போல ஒன்றரை மடங்கு விட வேண்டும். முனையை ஒட்டி வெட்டினால் அட்டை வெளியே தெரியும். அதிகம் விட்டால் மூலை திரண்டு நிற்கும்.

கடைசி வேலை, புத்தகத்தின் முதலிலும் கடைசியிலும் வரும் முகத்தாளை அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டுவது. பசை பட்ட தாள் விரியும், காயும்போது சுருங்கி அட்டையை உள்பக்கமாக இழுக்கும். அதனால் பசை மெல்லிசாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. உள்ளே மெழுகுத்தாள் வைத்து ஓர் இரவு முழுவதும் பிரஸ்ஸில். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள். அவசரப்பட்டு எடுத்த அட்டை வளைந்துவிடும், அதை நிமிர்த்துவது கடினம். மழைக்காலத்தில் பூட்டிய அறையைத் திறந்து பார்த்து, ஓட்டிலிருந்து சொட்டும் இடத்தைவிட்டு பிரஸ்ஸை நகர்த்தி வைத்த இரவுக் காவலர் ஐயாவுக்கும் நன்றி.

நூலகப் பொறுப்பாசிரியருக்கு ஒரு தனி வணக்கம். கிழிந்த அகராதியையும் வரைபடப் புத்தகத்தையும் பள்ளிப் பிள்ளைகளை நம்பிக் கொடுத்தார். பழைய தையலைப் பிரிக்காமல் முதுகில் மஸ்லின் துணியும் புது முகத்தாளும் மட்டும் போட்டால் போதும் என்ற புத்தகம் எது, முழுதும் பிரித்துத் தைக்க வேண்டியது எது என்று அந்த மேசையில்தான் பிரித்தறிந்தோம்.

இப்படிக்கு,
கைத்தொழில் வகுப்பின் பழைய மாணவ மாணவியர்