அம்மாவுக்கு, பாலக்கோட்டிலிருந்து

அம்மா,

அக்கா இதை உனக்குப் படித்துக் காட்டுவாள். போன் பண்ணினால் "நான் நல்லா இருக்கேன், மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் பணம். நிலத்தை அடகு வைத்துவிட்டோமா என்று அக்காவிடம் கேட்டாயாம். இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உன் பைபாஸ் ஆபரேஷன் அதில்தான் நடந்தது. நிலத்தின் மேல் ஒரு ரூபாய் கடன் இல்லை.

அப்புறம், ஐசியூவில் கட்டில் காலில் மாடு கட்டியிருக்கிறது, அவிழ்த்து விடுங்கள் என்று ராத்திரியெல்லாம் சொன்னாயாம். அதை நினைத்து இப்போது நர்ஸம்மா முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுகிறாய் என்று அக்கா சொன்னாள். கூச்சப்படாதே. பெரிய ஆபரேஷன் முடிந்தவர்களில், அதுவும் வயதானவர்களில், நிறையப் பேருக்குச் சில நாள் இப்படி நினைவு தடுமாறும். மயக்க மருந்து, வலி, தூக்கமில்லாமை, பகலா இரவா என்றே தெரியாத அறை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. நர்ஸம்மாக்கள் இதை எத்தனையோ பேரிடம் பார்த்திருப்பார்கள்.

மூன்று பந்து வைத்த கருவியை "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று ஓரமாக வைத்துவிட்டாயாமே. அதுதான் இப்போது உன் வேலை. படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பக்கம் சுருங்கி, சளி தங்கி, நிமோனியா வரலாம். பந்து மேலே ஏறும்படி மெதுவாக மூச்சை உள்ளே இழு. வலித்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமு.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் களிச் சட்டியிடம் போய்விடுவாய் என்பதுதான் என் பெரிய பயம். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது ஒன்றுசேர 6 முதல் 8 வாரம் ஆகும், முழுசாக உறுதிப்பட 3 மாதம்கூட ஆகலாம். ராகி இறுகும்போது இரண்டு கையாலும் துடுப்பை அழுத்திக் கிண்டுகிறாயே, அந்த விசை அத்தனையும் நெஞ்செலும்பில் இறங்கும். பால் கறப்பதும் தண்ணீர்க் குடம் தூக்குவதும் அப்படித்தான். ஒரு குடம் பத்துப் பதினைந்து கிலோ வரும் அம்மா. களியை நான் கிண்டுகிறேன், நீ பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொல். இத்தனை வருஷம் எங்களுக்காக நின்றுகொண்டே இருந்தவள் நீ. கொஞ்ச நாள் உட்கார்ந்து சாப்பிடுவது யாருக்கும் பாரமில்லை.

ஒன்றை மட்டும் மறைக்காதே. காய்ச்சல், காயத்தில் நீர்க்கசிவு, அசையும்போது நெஞ்சில் 'களுக்' என்று சத்தம், எதுவானாலும் உடனே சொல். பைபாஸுக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் கொஞ்ச நாள் வீங்கும். உட்காரும்போது அதை உயர்த்தி வை.

டிஸ்சார்ஜ் அன்று மாமா கார் கொண்டு வருவார். சேலத்திலிருந்து பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன் என்று அடம்பிடிக்காதே, தொப்பூர் கணவாயில் உனக்குக் குலுங்கக்கூடாது. சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அந்தத் தலையணையையே வைத்துக்கொள்.

உன் மகன்