மாணவர் பக்கத்தில் ஓர் ஈற்றடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளியாகும் கவிதைகளைத் தவறாமல் படித்துவருகிறேன். பிள்ளைகளிடம் சொல்வதற்குச் செய்தி நிறைய இருக்கிறது. ஆனால் அடியை எங்கே நிறுத்துவது, ஓசையை எப்படிக் கொண்டுசெல்வது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை என்பது படித்த உடனேயே தெரிகிறது. இது அவர்களுடைய குறை அன்று. செய்யுள் இலக்கணமான யாப்பை நாம் கற்பிக்கும் முறையில்தான் குறை இருக்கிறது என்பதை முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்த பொறுப்புடன் சொல்கிறேன். என் வகுப்புகளிலும் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது.

பத்தாம் வகுப்பில் குறளை அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்னும் அசைகளாகப் பிரித்து, வாய்பாடு எழுதப் பிள்ளைகள் பழகுகிறார்கள். 'கற்க' என்றால் நேர் நேர், தேமா. 'கசடறக்' என்றால் நிரை நிரை, கருவிளம் என்று கட்டம் போட்டு நிரப்பி, அந்தக் குறளை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாமலேயே முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே இடத்தில் 'நன்றாகக்' என்று மாற்றிச் சொல்லிப் பார்க்கச் சொன்னால், தேமா போன்ற மாச்சீருக்குப் பின் நேரசை வந்து தளை (சீரும் சீரும் இணையும் ஓசைக் கட்டு) தட்டுவதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் நாக்கே உணர்த்திவிடும். 'பிழையறக்' என்று மாற்றினால் தளை தட்டாது. ஆனால் கற்க, கசடற, கற்பவை, கற்றபின் என்று நான்கு சீரின் முதலெழுத்தும் ஒன்றி ஒலித்த முற்றுமோனை அறுந்துபோகும். வள்ளுவர் 'கசடற' என்ற சொல்லை ஏன் எடுத்தார் என்பதை இப்படி மாற்றிப் பார்த்த பிள்ளை பிறகு மறப்பதில்லை. மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் ('முன்' என்றால் இங்கே 'அடுத்து') என்ற விதியை அதற்கு அப்புறம் சொன்னால் போதும்.

பணி ஓய்வுக்குப் பின் எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சில பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவருகிறேன். நேரசைக்கு ஒரு தட்டு, நிரையசைக்கு விரைவாக இரண்டு தட்டு என்று கையால் தட்டியே தொடங்குகிறோம். சென்ற மழைக்காலத்தில் 'துள்ளும் மழைநீர்க் குளம்' என்று ஓர் ஈற்றடியைக் கொடுத்து, முதலடியை எழுதி இரண்டடிக் குறள் வெண்பாவாக முடிக்கச் சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 'பள்ளிக்குப் போகும் பாதை எல்லாம்' என்று எழுதிவந்தாள். பள்ளி, துள்ளும் என்று எதுகை தானாகவே அமைந்துவிட்டது. மோனைக்காகத்தான் 'பாதை' என்று போட்டதாகவும் சொன்னாள். தட்டிப் பார்த்தபோது 'பாதை'க்கு முன்னும் பின்னும், அடி முடிந்து 'துள்ளும்' தொடங்கும் இடத்திலுமாக மூன்று இடங்களில் கை இடறியது. எங்கே இடறுகிறது என்று மட்டும் சொன்னேன். என்ன போடுவது என்று சொல்லவில்லை. வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவள், சற்று நேரத்தில் எழுந்து வந்து காட்டியது இது:

பள்ளிக்குப் போகும் பழைய வழியெல்லாம்
துள்ளும் மழைநீர்க் குளம்.

மோனையும் போகவில்லை, தளையும் தட்டவில்லை. 'பழைய' என்ற சொல், அவள் முதலில் நினைத்திராத ஒரு பொருளையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. யாப்பு கற்பனையைக் கட்டிப்போடும் என்பவர்களுக்கு நான் காட்டக்கூடிய சான்று இந்த ஒரு சொல்தான். வசன கவிதை எழுதிய பாரதியார்தான் வெண்பா, கலித்துறை, விருத்தம், அகவல் என்று முறை மாறாமல் விநாயகர் நான்மணிமாலையையும் பாடினார் என்பதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். புதுக்கவிதை எழுத விரும்பும் பிள்ளைக்கும் இந்தச் செவிப்பயிற்சி தேவை.

அணிகளும் இப்படித்தான். 'மலரடி' என்பது உவமை, 'அடிமலர்' என்பது உருவகம் என்று இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினாலே பிள்ளைகளுக்கு விளங்கிவிடுகிறது.

'காரிகை கற்றுக் கவிபாடுவதிலும் பேரிகை கொட்டிப் பிழைப்பது மேல்' என்ற பழமொழி (காரிகை என்பது யாப்பருங்கலக்காரிகை என்னும் யாப்பிலக்கண நூல்) இருப்பதால், யாப்பைக் கண்டு மிரளுவது நம் காலத்தில் தோன்றியதன்று என்பது தெரிகிறது. அந்த மிரட்சியைப் போக்குவதற்குத் தங்கள் இதழால் ஒன்று செய்ய முடியும். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது நம்மிடம் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். மாணவர் பக்கத்தில் வாரம் ஓர் ஈற்றடியை வெளியிட்டு, வரும் பாடல்களில் நல்லவற்றை அச்சிடுவதோடு, தளை தட்டிய ஒன்றிரண்டைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்துக்கொண்டு, எங்கே தட்டுகிறது, ஏன் தட்டுகிறது என்று நான்கு வரியில் விளக்கவும் வேண்டுகிறேன். பரிசு எதுவும் வேண்டியதில்லை. முதல் சில மாதங்களுக்குக் குறள் வெண்பாவின் ஈற்றடிகளையே கொடுத்தால், பிள்ளைகள் நான்கு சீர் எழுதினால் போதும். ஓர் அஞ்சலட்டையில் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.