மகளுக்கு, கார் எடுக்குறதுக்கு முந்தி

அன்பு மகளுக்கு,

நீ வட்ஸ்அப்ல அனுப்புன அந்த டொயோட்டா அக்குவா, பெட்ரோலும் பெட்டரியும் சேந்து ஓடுற ஹைபிரிட் கார், அதோட போட்டோ எல்லாம் பாத்தேன், அம்மாவும் பாத்துச்சு, கலர் நல்லா இருக்குன்னு சொல்லிச்சு. போன்ல பேசுனா நீ வேலை அவசரத்துல பாதியில வச்சிருவ, அதான் ஒக்காந்து எழுதுறேன், முழுசா வாசி. கார் வாங்காதன்னு சொல்ல வரல. நீ ராத்திரி பஸ்ல கொழும்புலருந்து கினிகத்தேனை மலை ஏறி ஹட்டன்ல எறங்கி, அங்கருந்து தோட்டத்துக்கு திரீவீல் புடிச்சு வர்றத நெனச்சா எனக்கு தூக்கமே வராது, அம்மாவ கிளினிக் கூட்டிட்டு போறதுக்கும் ஒரு வண்டி வேணும் தான். ஆனா நீ கேட்டது "இந்த கார் எப்படிப்பா"ன்னு. அதுக்கு முந்தி கேக்க வேண்டியது, இத யாருகிட்ட வாங்குறோம், வண்டியோட பதிவு புக் யாரு பேர்ல இருக்கு. தோட்டத்து லொறி ஓட்டியே காலத்த கழிச்சவன் சொல்றேன் மகள், இஞ்சின் பழுதானா செஞ்சிக்கலாம், கியர் பொட்டி போனா மாத்திக்கலாம், பேப்பர் பழுதான வண்டிய எந்த மெக்கானிக் பாஸாலயும் செய்ய ஏலாது.

வெல இப்படி ஏறிக் கெடக்குறதுக்கு காரணம் ஒனக்கு தெரியும். 2020 மார்ச்ல வாகனம் எறக்குறத நிப்பாட்டுனாங்க, சொந்த பாவனைக்கு கார் எறக்க திரும்ப விட்டது 2025 பெப்ரவரில. அந்த அஞ்சு வருசமும் நாட்டுக்குள்ள இருந்த வண்டியவே ஆளு மாத்தி ஆளு வித்ததுல, ஓடி ஓடி தேஞ்ச காருக்கு கூட புதுசு மாதிரி வெல சொல்ல பழகிட்டாங்க. இப்ப ஜப்பான்லருந்து ரீகண்டிஷன் வருது, ஆனா மூணு வருசத்துக்கு மேல பழசான கார கொண்டு வர ஏலாது, அது மேல சுங்க வரி, இன்னும் ரெண்டு மூணு வரி, 18 வீத வாட் எல்லாம் ஏறி நம்ம கைக்கு எட்டாத எடத்துல நிக்குது. அதுல ஒரு நல்ல விசயம் மட்டும் இருக்கு. ஜப்பான் ஏலத்துல வித்த வண்டிக்கு ஓக்ஷன் ஷீட் ஒன்னு இருக்கும், கிரேட் நாலு, நாலரைன்னு போட்டிருப்பான், எங்க கீறல் எங்க நசுங்கல்னு படத்துலயே குறிச்சிருப்பான், ஆர்னு எழுத்து இருந்தா அடிபட்டு செஞ்ச வண்டி. செசி நம்பர வச்சு அந்த ஷீட் உண்மையான்னும் பாத்துக்கலாம். நீ பாக்குற வண்டியும் ஒரு காலத்துல அப்படி வந்தது தானே, அதனால ஷீட் இருக்கான்னு கேளு. இருக்குறவன் எடுத்து காட்டுவான்.

நீ போட்டோ அனுப்புன கார் நிக்கிற கார் சேல், அதான் பழைய வண்டி விக்கிற கடை, அத பத்தி சொல்றேன். சேல்ல வாங்குறதுல வசதி இருக்கு, ஒரே எடத்துல நாலஞ்சு வண்டி பாக்கலாம், லீசிங்காரன் அங்கயே ஒக்காந்திருப்பான், ஒரே நாள்ல கையெழுத்து போட்டு சாவிய வாங்கிறலாம். அந்த ஒரே நாள் தான் எனக்கு பயம். சேல்காரன் வண்டிய கழுவி, பொலிஷ் அடிச்சு, இஞ்சினுக்கு மேல கூட மினுக்கி வச்சிருப்பான், எண்ணெய் எங்க கசிஞ்சிச்சுன்னு தெரியவே தெரியாது. இன்னொன்னு, அவன் அந்த கார அவன் பேருக்கு மாத்தியிருக்க மாட்டான், முந்தின ஓனர்கிட்ட ஓப்பன் பேப்பர்ல, அதான் வாங்குறவன் பேர் எழுதாத ஃபோம்ல, கையெழுத்து வாங்கி வச்சிருப்பான். ஏமாத்துறதுக்குன்னு இல்ல, அவங்க வியாபாரமே அப்படித்தான் நடக்குது. ஆனா பேப்பர்ல கையெழுத்து போட்ட ஆளு எங்க இருக்காரு, உசுரோட இருக்காரா, கையெழுத்து அவரு போட்டது தானான்னு ஒனக்கு எப்படி தெரியும்? நம்ம பக்கத்து டிவிஷன்ல ஒரு தம்பி அப்படி ஓப்பன் பேப்பர்ல ஒரு வேன் எடுத்தான், பேர் மாத்த போனப்ப புக்ல இருந்த மனுசன் செத்து போயிருந்தாரு, அவரு புள்ளைங்களுக்குள்ள சொத்து தகராறு, கடைசி வரைக்கும் வேன் இவன் வாசல்ல, உரிமை வேற யாருகிட்டயோ. அதனால சேல்ல வாங்குறதுன்னாலும் புக்ல இருக்குற ஓனர நேர்ல பாக்கணும், இல்லாட்டி போன்லயாவது பேசணும்னு சொல்லு. முடியாதுன்னா அந்த கார விட்டுரு.

ஓனர்கிட்ட நேரடியா வாங்குறது தான் எனக்கு புடிச்ச வழி. இக்மன், ரியசெவன மாதிரி வெப்சைட், பேஸ்புக் எல்லாத்துலயும் விளம்பரம் கெடக்கு, ஆனா பாதிக்கு மேல புரோக்கர்மாரு தான் ஓனர் மாதிரி போட்டிருப்பாங்க. போன் எடுத்ததும் "எந்த வாகனம் பத்தி கேக்குறீங்க"ன்னு கேட்டான்னா அவன்கிட்ட ஒன்னுக்கு மேல இருக்கு, அவன் புரோக்கர். உண்மையான ஓனருக்கு ஒரு கார் தான் இருக்கும், எப்ப டயர் போட்டேன், எங்க சேவிஸ் பண்ணேன், ஏன் விக்கிறேன்னு தானா சொல்லுவாரு. வீட்டுக்கு போய் பாக்கணும் மகள், ரோட்டோரத்துலயோ பெட்ரோல் செட்லயோ பாக்காத. வீட்ட பாத்தா, ஆள பாத்தா, அயல்ல ஒரு வார்த்தை கேட்டா பாதி தெரிஞ்சிரும். தனியா போகாத, பகல்ல போ, மழையில நனைஞ்ச வண்டிய பாக்காத, தண்ணி பட்டா பெயின்ட் வித்தியாசம் தெரியாது. வெல ரொம்ப கொறைச்சு போட்டு, வண்டிய பாக்குறதுக்கு முந்தியே அட்வான்ஸ் அனுப்புன்னு கேட்டா அது கள்ள வேலை, ஒரு ரூவா போடாத.

அப்புறம் பேங்கும் லீசிங் கம்பனியும் தவணை கட்டாதவங்க வண்டிய புடிச்சு ஏலம் போடுறது. வெல கொறையும், அது உண்மை. ஆனா அங்க வண்டிய ஓட்டி பாக்க விட மாட்டாங்க, இருக்குற நெலமையில எடுத்துக்க வேண்டியது தான், மாசக் கணக்கா யார்டுல வெயில்லயும் மழையிலயும் கெடந்திருக்கும், தவணை கட்ட காசில்லாத ஆளு சேவிஸ் மட்டும் ஒழுங்கா போட்டிருப்பாருன்னு நெனைக்க ஏலுமா. கராஜ் வச்சிருக்குறவனுக்கு அது சரி வரும், ஒனக்கு சரி வராது.

இதெல்லாத்தையும் விட மோசமானது ஒன்னு இருக்கு, அடுத்தவங்க லீசிங்க நீ தொடர்ந்து கட்டுறேன்னு வண்டிய எடுக்குறது. கம்பனிக்கு போய் முறையா ஒன் பேர்ல புதுசா எழுதி எடுத்தா வேற கதை. வெளியில வெறும் கடுதாசி எழுதி காச குடுத்து வண்டிய எடுத்தா, நீ மாசா மாசம் கட்டுவ, கம்பனி கணக்குல கட்டுறது அவரு, வண்டியும் அவரு பேர்ல. கூட வேலை செய்யிற யாராவது நல்ல மனசோட சொன்னாலும் சரி, வேணாம்னு சொல்லிரு.

பேப்பர் விசயத்த கவனமா வாசி. சீஆர், அதான் நான் சொன்ன அந்த புக், அதோட ஒரிஜினல கையில வாங்கி பாக்கணும், கொப்பி போதாது. அதுல இருக்குற செசி நம்பரும் இஞ்சின் நம்பரும் வண்டியில அடிச்சிருக்குறதும் எழுத்துக்கு எழுத்து ஒன்னா இருக்கணும், நம்பர் அடிச்ச எடத்துல சுரண்டல், புது பெயின்ட் இருந்தா திரும்பி பாக்காம வந்துரு. அப்சலூட் ஓனர்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல லீசிங் கம்பனி பேர் இருந்தா கடன் இன்னும் முடியல, இல்லாட்டி முடிச்சும் பேர எடுக்கல. ரெண்டுல எதுன்னு அந்த கம்பனிக்கே போய் கேக்கணும், ஓனர் சொல்றத மட்டும் கேக்காத. கடன் இருந்தா, ஒன் காசு நேரா கம்பனிக்கு போய் கணக்க முடிச்சு, அவங்க கடிதம் குடுத்து, மிச்சம் தான் ஓனர் கைக்கு. முந்தி எத்தன ஓனர்னும் சீஆர்ல பாரு, கொஞ்ச காலத்துல பல கை மாறுன வண்டின்னா எல்லாரும் ஏன் விட்டாங்கன்னு யோசி. வருசா வருசம் எடுக்குற ரெவினியூ லைசன்ஸ் இந்த வருசத்துக்கு இருக்கா, புகை டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா, விட்டு போன வருசம் இருந்தா அந்த நிலுவையும் தண்டமும் யாரு கட்டுறதுன்னு முன்னாடியே பேசிரு. அப்புறம் எம்டிஏ 6 ஃபோம்ல விக்கிறவரு கையெழுத்து, எம்டிஏ 8ல வாங்குற ஒன் கையெழுத்து, அவரு ஐடி கொப்பி, எல்லாம் ஒரே நாள்ல, தேதி போட்டு. நீ கொழும்புல தானே இருக்க, அடுத்த நாளே லீவு போட்டு நாரஹேன்பிட்ட ஆர்எம்விக்கு, அதான் வாகனம் பதியிற ஒபிசுக்கு, போய் பேர மாத்திரு, அப்புறம் பாத்துக்கலாம்னு வைக்காத. அது வரைக்கும் அந்த வண்டி எங்கயாவது யாரையாவது அடிச்சிருந்தாலும் பொலிஸ் தேடி போறது பழைய ஓனர, அவருக்கும் நிம்மதி இல்ல ஒனக்கும் நிம்மதி இல்ல. காச கையில கொண்டு போகாத, ரெண்டு பேரும் பேங்க்ல நின்னு மாத்துங்க.

வண்டிய பாக்குறதுக்கு நான் நம்ம ஹட்டன் கராஜ் பாஸ் கிட்ட சொல்லி வச்சிருக்கேன், ஆனா அதுக்கு முந்தி நீயே பாக்க வேண்டியது இருக்கு. ஓனர்கிட்ட காலையில வர்றேன், நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லு. போனதும் பொனட்ட தொட்டு பாரு, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க. அக்குவால இஞ்சின் தானா நின்னு தானா எடுக்கும், அதனால இஞ்சின் ஓடுற நேரமா பாத்து பின்னால ஒருத்தர நிக்க சொல்லு. நீலமா புகை வந்தா எண்ணெய் எரியுது, சூடேறுன பொறகும் வெள்ளையா வந்துகிட்டே இருந்தா கூலன்ட் உள்ள போகுது. டயர்ல நாலு இலக்கம் அடிச்சிருக்கும், 2319ன்னு இருந்தா 2019ல இருபத்தி மூணாவது வாரம் செஞ்ச டயர். நாலு டயரும் வேற வேற வருசத்துல செஞ்சதா இருந்தா பராமரிப்பு எப்படின்னு வெளங்கிரும். பொனட், கதவு எல்லாத்துலயும் போல்ட் தலைய பாரு, ஸ்பேனர் போட்டு பெயின்ட் உரிஞ்சிருந்தா கழட்டி மாட்டுனது. மீட்டர்ல கொஞ்ச தூரம் காட்டி பிரேக் பெடல் ரப்பர் மொட்டையா தேஞ்சிருந்தா மீட்டர நம்பாத.

வெள்ளத்துல நின்ன வண்டி தான் இப்ப பெரிய பயம். 2016லயும் 2017லயும் வெள்ளம் வந்துச்சு, 2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து நம்ம மலையவே பேத்து போட்டுச்சு, கீழ களனி கங்கை ஓரமெல்லாம் தண்ணி. அந்த நேரம் எத்தனையோ குடும்பத்தோட வண்டி தண்ணிக்குள்ள நின்னிச்சு, பாவம் அவங்களயும் குத்தம் சொல்ல ஏலாது, ஆனா அதுல கொஞ்சம் கழுவி காய வச்சு சந்தைக்கு வராமலா இருக்கும். சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்து பாரு, சேறு கோடு அங்க தான் மிஞ்சும். சீட்டுக்கு கீழ இருக்குற தண்டவாளத்துல துரு, ஸ்பேர் வீல் குழியில மண்ணு, கதவ மூடி ஒக்காந்தா ஒரு ஊத்த வாடை, இதுல ஒன்னு இருந்தாலும் வேணாம். அதுவும் ஹைபிரிட் தண்ணியில நின்னா அவ்வளவு தான்.

அக்குவா கெட்ட காருன்னு சொல்ல மாட்டேன், கொழும்பு டிராபிக்ல பெட்ரோல் மிச்சம் புடிக்கும். பின் சீட்டுக்கு கீழ தான் ஹைபிரிட் பெட்டரி இருக்கு, அத குளிராக்க ஒரு ஃபேன், நம்ம தோட்டத்து ரோட்டு தூசி அதுல அடைச்சா பெட்டரி சூடேறி சீக்கிரம் போகும், மாத்த லட்சக் கணக்குல வேணும். பெட்டரிய ஸ்கேன் பண்ணி பாக்காம வெல பேசாத. அதோட அது தரையோட தரையா கெடக்குற காரு, நம்ம லயத்துக்கு ஏறுற அந்த கல்லு ரோட்டுல வயிறு இடிக்கும். அல்டோ, வேகன் ஆர் மாதிரி சின்ன இஞ்சின் ஏத்தத்துல மூச்சு வாங்கும், ஆனா பார்ட்ஸ் ஹட்டன்லயே கெடைக்கும், இங்க எல்லா பாஸ்மாருக்கும் அது கைப்பாடம். எது எடுத்தாலும் ஏசிய போட்டு, நாலு பேர ஏத்தி, ஒரு நல்ல ஏத்தத்துல ஓட்டி பாக்கணும், மேட்டுல நிப்பாட்டி திரும்ப எடுக்கணும், எறக்கத்துல பிரேக் வாடை வருதான்னு பாக்கணும். கொழும்பு சேல்காரன் தட்டையான ரோட்டுல ஒரு சுத்து விடுவான், அதுல ஒன்னும் தெரியாது. கண்டி, கம்பளை, ஹட்டன் பக்கம் ஓனர்மாரு விளம்பரத்தையும் பாருன்னு நான் சொல்றது இதுக்கு தான், ஏத்தத்துல ஓடி காட்டுன வண்டி, ஆனா வெள்ளத்துல நின்னிச்சான்னு அங்கயும் பாக்கணும். சஸ்பென்ஷன் அடிபட்டிருக்கும் தான், அது செலவு தெரிஞ்ச பழுது.

காசு விசயம். அம்மாவோட ஈபிஎஃப்ப எடுத்து லீசிங் தொகைய கொறைக்கலாம்னு தங்கச்சிகிட்ட சொன்னியாமே, அம்மா சரின்னு தான் சொல்லும், நான் வேணாங்கிறேன். அது அந்த மனுசி மழையில அட்டை கடியில கொழுந்து எடுத்த காசு, அது பேங்க்லயே கெடக்கட்டும். ஒன் சேமிப்பும் சீட்டு காசும் எவ்வளவுக்கு வருதோ அதுக்கு தக்கன சின்ன காரா பாப்போம். லீசிங் போட்டா மாசத் தவணைய மட்டும் கேட்டுட்டு வராத, கடைசி வரைக்கும் மொத்தமா எவ்வளவு, இடையில முடிச்சா எவ்வளவு, புல் இன்சூரன்ஸ் வருசத்துக்கு எவ்வளவுன்னு எழுதி வாங்கு. கையில இருக்குறது எல்லாத்தையும் வண்டிக்கே குடுத்துறாத, எடுத்த ஒடனே டயர், பெட்டரி, எண்ணெய், பெல்ட்டுன்னு ஒரு செலவு கட்டாயம் வரும்.

இப்ப செய்ய வேண்டியது, அந்த சேல்காரன்கிட்ட சீஆர் ரெண்டு பக்கமும் போட்டோ கேளு, ஓக்ஷன் ஷீட் இருந்தா அதையும். அட்வான்ஸ் எதுவும் குடுக்காத, நாளைக்கு வேற ஆளு வர்றாங்கன்னு சொன்னாலும் குடுக்காத. கம்பளையில ஒரு வேகன் ஆர் இருக்குதாம், ரிட்டையர் ஆன மாஸ்டர் ஒருத்தரோடது, பாஸ் சொன்னாரு, நான் ஞாயித்துக்கிழமை அவரோட போய் பாத்துட்டு வீடியோ எடுத்து அனுப்புறேன். நீ அது வரைக்கும் லீசிங் கணக்க கேட்டு வை. நேரத்துக்கு சாப்புடு.

அன்புடன்,
அப்பா