பத்து மடங்கு என்றால் எத்தனை அழுத்தல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வார இதழில் ஒன்லைன் கசினோ போனஸ் பற்றிய புதிய விதியைச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். 2026 ஜனவரி 19 முதல், பிரிட்டனில் லைசென்ஸ் உள்ள எந்தக் கசினோவும், தான் கொடுக்கும் போனஸ் காசைக் கையில் எடுக்கமுன் அதன் பத்து மடங்குக்கு மேல் பந்தயம் கட்டி விளையாடச் சொல்லக்கூடாது. அது சரி. ஆனால் 'இனி போனஸ் காசை லேசாகக் கையில் எடுக்கலாம்' என்று தலைப்பு வைத்தது யார்? ஹரோ பக்கத்துக் கடைக்காரருக்கு இருபத்தெட்டு வருடம் வாட் கணக்கு எழுதியவன் நான். மடங்கு என்ற சொல்லைக் கண்டால் கை தானாகப் பென்சிலைத் தேடும்.

என் தங்கச்சியின் மகனுக்கு இருபத்துமூன்று வயது. களஞ்சிய வேலை, பாதி நாள் இரவு ஷிப்ட். போன வருடம் ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனும் கையுமாக வந்தான். "மாமா, 84 பவுண் இருந்தது. எடுக்கப் போனால் பத்துத்தான் வந்திருக்கு. களவெடுத்துப் போட்டாங்கள்."

களவில்லை. எல்லாம் எழுதியே இருந்தது. அதைத்தான் அவனுக்கு இரண்டு தேத்தண்ணி ஆறும்வரை விளங்கப்படுத்தினேன்.

பெயர் கேள்விப்படாத சின்னக் கசினோ அது. பக்கத்தின் அடியில் லைசென்ஸ் எண் இருந்தது. சூதாட்ட ஆணையத்தின் பதிவேட்டில் தேடினால் ஒரே கம்பனியின் கீழ் இப்படிப் பெயர் வரிசையாக வருகிறது. பெயர்ப்பலகைதான் வேறு வேறு, குசினி ஒன்று. இவன் போட்டது பத்துப் பவுண். அவர்கள் கொடுத்த போனஸ் பத்துப் பவுண். நிபந்தனை 65 மடங்கு. அதாவது அந்தப் பத்தை எடுக்கக்கூடிய காசாக மாற்ற 650 பவுணுக்குப் பந்தயம் கட்டவேண்டும்.

650 என்றால் பெடியனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சரி, ஒரு ஸ்பின்னுக்கு, அதாவது பொத்தானை அழுத்தி ஒருதரம் சுழற்ற, எவ்வளவு வைத்தாய் என்று கேட்டேன். இருபது பென்ஸ். அப்போ 3250 ஸ்பின். 2021 ஒக்டோபர் கடைசியிலிருந்து இந்த நாட்டில் ஒன்லைன் ஸ்லொட் விளையாட்டுகள் (படங்கள் சுழன்று நிற்கும் அந்த மெஷின் விளையாட்டு) தானாகச் சுழலக்கூடாது. ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் ஆள்தான் அழுத்தவேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆகக்குறைந்தது இரண்டரை செக்கன் போகவேண்டும். ஆட்களைக் காப்பாற்றப் போட்ட நல்ல விதிதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 3250 தடவை பெருவிரல், மூச்சு விடாமல் அழுத்தினாலும் இரண்டேகால் மணித்தியாலம். இவனுக்கு நாலு இரவு எடுத்தது. நடுவில் அலுப்படித்து, சக்கரத்தில் பந்து ஓடும் ரூலெட்டில் 40 பவுண் உருட்டியிருக்கிறான். அந்த சைட்டில் ரூலெட்டுக்குப் பத்து வீதம்தான் கணக்கு, ஆகவே 650இல் 4 பவுண்தான் குறைந்தது. அந்த வரியும் எழுதியே இருந்தது, பன்னிரண்டாம் பந்தியில்.

இழப்புக் கணக்கு இன்னும் நேரானது. நூறுக்கு 96 திரும்பும் என்று போட்டிருக்கும் ஸ்லொட் என்று வைத்துக்கொள்வோம். 650 பவுண் சுழற்றினால் சராசரியாக 26 பவுண் கசினோவுக்கு. கையில் இருப்பதோ பத்துப் பவுண் போனஸ். பத்தை வைத்துக்கொண்டு 26ஐத் தாங்க ஏலாது. அநேகம் பேருக்குப் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். இவனுக்குத் தீரவில்லை. அதிர்ஷ்டம் அடித்து, 650உம் முடித்து, திரையில் 84 நின்றது. அந்தப் படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகுதான் கடைசி வரி. போனஸிலிருந்து எடுக்கக்கூடிய ஆகக்கூடிய தொகை, அந்த சைட்டில் நீங்கள் இதுவரை போட்ட மொத்தக் காசுக்குச் சமம். இவன் போட்டது பத்து. ஆகவே கிடைத்ததும் பத்து. மிச்சம் 74 அழிந்துபோனது. இலாபம் சைபர், நட்டம் நாலு இரவு நித்திரை.

எனக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறொன்றில். முதல் இரவு, போனஸைத் தொடமுன்னமே, அவனுடைய சொந்தப் பத்து 31 ஆகியிருக்கிறது. அங்கே சொந்தக் காசுதான் முதலில் செலவாகும், பிறகுதான் போனஸ். அந்த 31ஐ அப்படியே எடுத்திருக்கலாம். போனஸ் மட்டும் போயிருக்கும். 2018இல் பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் (சிஎம்ஏ) பெரிய சூதாட்டக் கம்பனிகள் சிலவற்றை மடக்கி, ஆட்கள் தங்கள் சொந்தக் காசை எடுக்கப் போனஸ் நிபந்தனை குறுக்கே நிற்கக்கூடாது என்று உறுதி வாங்கியது. இவனோ, போனஸை வாங்கிவிட்டோம், இனி 650 முடியும்வரை ஒன்றும் எடுக்க ஏலாது என்று நினைத்து, அந்த 31ஐயும் விடியுமுன் விட்டுவிட்டான். எங்கள் ஆட்கள் சீட்டுக் கூறும்போது ஐந்து பவுண் கழிவுக்கு அரை மணித்தியாலம் கதைப்பார்கள். அதே வீட்டுப் பிள்ளை இதில் 'சம்மதம்' என்ற பெட்டியை வாசிக்காமல் அழுத்துகிறான்.

இனி உங்கள் தலைப்புக்கு வருகிறேன். பத்து மடங்கு என்றால் அதே பத்துப் பவுண் போனஸுக்கு 100 பவுண் சுழற்றவேண்டும். 500 அழுத்தல், இருபத்தொரு நிமிடம், சராசரி இழப்பு 4 பவுண். கடதாசியில் 6 மிஞ்சும். 650க்கு இது எவ்வளவோ மேல், மறுக்கவில்லை. ஆனால் விதி பிடித்தது மடங்கை மட்டும்தான். எவ்வளவு எடுக்கலாம் என்பது வேறு வரி, எத்தனை நாளுக்குள் என்பது வேறு வரி, ஒரு ஸ்பின்னுக்கு எவ்வளவுக்கு மேல் வைத்தால் வென்றது செல்லாது என்பது இன்னொரு வரி. என் மருமகனின் 84ஐப் பத்தாக்கியது 65 மடங்கு அல்ல. அந்த உச்சத்தொகை வரி இருந்தால், பத்து மடங்கிலும் அவனுக்கு அதே பத்துத்தான் வந்திருக்கும்.

'20 இலவச ஸ்பின்' என்பதையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். ஒன்று பத்து பென்ஸ் என்றால் மொத்தமே இரண்டு பவுண். ஹரோவில் ஒரு நல்ல வடைக்கும் பிளேன்டீக்கும் காணாது.

இன்னொன்று. போன கிழமை எங்கள் ஊர்ச் சங்க வட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு சைட்டை அனுப்பியிருந்தார்கள்: போடும் காசுக்கு 200 வீதம், 500 பவுண் வரை போனஸ். கீழே உருட்டிப் பார்த்தேன். பிரிட்டன் லைசென்ஸ் எண் இல்லை. அந்த ஆட்களைப் பத்து மடங்கு விதி கட்டாது. 'கேம்ஸ்டொப் இல்லை' என்று பெருமையாக வேறு போட்டிருந்தது. விளையாட்டை விட முடியாமல் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளப் பெயர் பதிவு செய்யும் இடம் கேம்ஸ்டொப். அது இல்லை என்பது அவர்களுக்கு விளம்பரம்! உங்கள் செய்தியைப் படித்தவர் இப்படி ஒரு சைட்டுக்குப் போய், அரசாங்கம் பத்து மடங்காக்கிவிட்டது என்று நம்பிக் காசு கட்டினால் யாரிடம் போய் முறையிடுவது?

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். இடம் இருந்தால் 650 கணக்கையும் 100 கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், எழுத்துக் கொஞ்சம் பெரிதாக. என் பெயரைப் போடவேண்டாம். தங்கச்சி உங்கள் பத்திரிகையைத்தான் வாசிக்கிறாள். அந்த நாலு இரவும் மகன் ஓவர்டைம் செய்தான் என்றுதான் அவள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை,
ஹரோ